இதயத்தின் தாளம் தப்பும்போது

1982ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் வேலை செய்துவந்த தாய்லாந்து ஊழியர்களில் 235 பேர் திடீரென மாண்டனர். பெரும்பாலும் இரவு உறக்கத்தில். பெரும்பாலோர் 30 வயதை ஒட்டிய ஆண்கள். வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமங்களிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர்கள். நோய் நொடி என்று மருத்துவமனைப் பக்கம் போகாதவர்கள்.

அக்காலத்தில் பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் அவர்கள் கூடுமிடமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊழியர்கள் லிட்டில் இந்தியாவில் கூடுவதைப் போல அங்கே அவர்கள் கூடுவார்கள். இறப்புச் செய்தி ஒவ்வொன்றும் அங்கிருந்து ஊருக்குப் போயிற்று. ஆண்களைத் தேடி விதவைப் பேய் வருகிறது என்று 1990ல் வடகிழக்குத் தாய்லாந்துக் கிராமங்கள் நடுங்கின. பேயை ஏமாற்ற வாசல்தோறும் மரத்தால் செய்த காப்புப் பொருள்களைத் தொங்கவிட்டனர்.

சிங்கப்பூர் மருத்துவர்களும் விடை தேடினார்கள். கோ கீ டாய், தடயவியல் மருத்துவர் சாவ் ட்ஸீ செங் முதலியோர் இந்த இறப்புகளை ஆராய்ந்து 1990ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். பிரேதப் பரிசோதனையில் இறப்புக்கான காரணம் எதுவும் தென்படவில்லை. மாரடைப்பு இல்லை, இரத்தக் குழாய் அடைப்பு இல்லை. இதயம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? இதயத்தின் தசையில் அல்ல, அதன் மின்சாரத்தில். மின்சாரம் நின்றபின் அதன் கோளாறு தடயம் விட்டுச் செல்வதில்லை. இதயத் துடிப்புக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பாடம் இது: ஆள் உயிரோடு இருக்கும்போது, கோளாறு நடக்கும் அந்த நேரத்திலேயே அதைப் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு கிடைத்துவிட்டால் இன்று அநேகமாக ஒவ்வொரு கோளாறுக்கும் ஏற்ற சிகிச்சை இருக்கிறது.

இதயத்துக்குள் ஒரு மின்நிலையம்

இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைப்பது வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு திசுத் திரள். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் 1907ல் இதைக் கண்டறிந்தனர். அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கவைக்கும். பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஒரு சந்திப்பில் ஒரு கணம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்கும். இரத்தம் கீழறைக்கு வந்து சேர அவகாசம் கொடுப்பதற்குத்தான் அந்தத் தாமதம்.

இந்தப் பாதையில் மூன்று விதமாகப் பழுது ஏற்படலாம். மின்நிலையம் சோர்ந்துபோகலாம், அல்லது சந்திப்பில் பாதை அடைபடலாம். அப்போது துடிப்பு மிக மெதுவாகும். இருக்கக்கூடாத ஒரு குறுக்குப் பாதை இருந்து, மின்சாரம் அதில் சுற்றிச் சுற்றி ஓடலாம். அப்போது துடிப்பு திடீரென 150, 200 என எகிறும். அல்லது பல இடங்களிலிருந்து ஒழுங்கில்லாமல் மின்துடிப்புகள் கிளம்பி, தாளமே இல்லாமல் போகலாம்.

தாளம் குலைவது மேலறைகளில் என்றால் அது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. வயது ஏற ஏற அதிகம் காணப்படும் கோளாறு இது. உடனே உயிரைப் பறிக்காது. ஆனால் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால் இரத்தம் அங்கே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. கீழறைகளில் தாளம் குலைந்தாலோ நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும். அந்தத் தாய்லாந்து ஊழியர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

'பித்தம்', 'கேஸ்' என்று விட்டுவிடலாமா?

நெஞ்சு படபடத்தால் கேஸ் என்பார்கள். தலை சுற்றினால் பித்தம் என்பார்கள். மயங்கி விழுந்தால் வெயில் என்பார்கள். சில வேளைகளில் அது உண்மையும்கூட. கோயிலில் வெகுநேரம் நின்று, வியர்த்து, கண் இருட்டி விழுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது சாதாரண மயக்கமே. படபடப்புக்கும் கடுங்காப்பி, மனப் பதற்றம், இரத்தச்சோகை, தைராய்டு எனப் பல காரணங்கள் உண்டு.

ஆனால் சில அறிகுறிகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் விழுவது. ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயங்குவது. உட்கார்ந்த நிலையிலோ படுத்த நிலையிலோ மயங்குவது. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வருவது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ அப்போதே இருந்தால் 995ஐ அழைக்க வேண்டும்.

உயரத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கும் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இது இன்னும் முக்கியம். வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி மயக்கத்தை மறைக்கிறவர்கள் உண்டு. சாரத்தின் மேல் நிற்கும்போது இரண்டாவது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கையும் களவுமாகப் பிடிப்பது

துடிப்புக் கோளாறின் தொல்லையே, அது வந்துபோகும் விருந்தாளி என்பதுதான். காலையில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மத்தியானம் பலதுறை மருந்தகத்தில் இசிஜி எடுக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. சாதாரண இசிஜி பதிவு செய்வது சில வினாடிகளைத்தான். அந்த வினாடிகளில் கோளாறு வராவிட்டால் காகிதத்தில் ஒன்றும் தெரியாது. 'இசிஜி நன்றாக இருக்கிறது' என்பதும் 'துடிப்பில் கோளாறு இல்லை' என்பதும் ஒன்றல்ல.

அடுத்த படி 'ஹோல்ட்டர்' கருவி. ஒரு நாளோ இரண்டு நாளோ உடம்பில் மாட்டிக்கொண்டு வழக்கமான வேலைகளைச் செய்யலாம். இரண்டு வாரம் வரை நெஞ்சில் ஒட்டிவைக்கும் பட்டைகளும் உண்டு. ஆனால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மயங்கி விழுகிறவருக்கு இவை போதா.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தோலுக்கு அடியில் வைக்கும் கண்காணிப்புக் கருவி. தீக்குச்சியைவிடச் சற்றுத் தடித்த, விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு தகடு அது. இடப்பக்க நெஞ்சில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி உள்ளே செலுத்திவிடுவார்கள். சில நிமிட வேலை. மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அது ஓயாமல் துடிப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும். கோளாறு நடந்தால் அதைப் பதிந்து, படுக்கையருகே உள்ள பெட்டி வழியாகவோ கைத்தொலைபேசி வழியாகவோ மருத்துவமனைக்கு அனுப்பும். ஒன்றை மறக்கக்கூடாது: இது காவல்காரன்தான், வைத்தியன் அல்ல. எதையும் குணப்படுத்தாது.

காவல்காரனால் என்ன பயன் என்பதை 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்த 441 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான பரிசோதனைகள் நடந்தன. ஓராண்டு முடிவில், கருவி பொருத்தியவர்களில் 100க்கு 12 பேருக்கு மறைந்திருந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றப் பிரிவில் 100க்கு 2 பேருக்குத்தான். கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுத்து, அடுத்த பக்கவாதத்தைத் தவிர்க்க முயலலாம்.

மெதுவான இதயத்துக்கு பேஸ்மேக்கர்

துடிப்பு மெதுவாகி, மயக்கமும் சோர்வும் வருகிறவர்களுக்கு பேஸ்மேக்கர். இதன் கதை சுவையானது. சுவீடனைச் சேர்ந்த ஆர்ன லார்சனுக்கு 1958ல் வயது 43. இதயத்தின் மின்பாதை அடைபட்டதால் நாளுக்குப் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். உடலுக்குள் வைக்கும் கருவி அப்போது உலகில் எங்குமே இல்லை. அவருடைய மனைவி விடவில்லை. பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் அறுவை மருத்துவர் ஓக்க சென்னிங்கையும் விடாமல் வற்புறுத்தினார். காலணி மெருகுப் பூச்சு டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி ஒன்று, 1958 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பொருத்தப்பட்டது. சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. இரண்டாவது கருவியைப் பொருத்தினர்.

தம் ஆயுளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்ட லார்சன், 2001ல் 86 வயதில் காலமானார். அதுவும் இதய நோயால் அல்ல. கருவியைச் செய்தவருக்கும் பொருத்தியவருக்கும் பிறகும் அவர் வாழ்ந்தார்.

இன்றைய பேஸ்மேக்கரின் எடை 20, 30 கிராம்தான். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்து, இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்துவார்கள். பெரும்பாலும் முழு மயக்கமருந்து தேவைப்படாது. இதயம் தானாகத் துடிக்கும்போது கருவி சும்மா இருக்கும். துடிப்பு தவறினால் மட்டும் தூண்டும். பேட்டரி பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள் உழைக்கும். கம்பியே இல்லாமல், மருந்து மாத்திரை அளவில், தொடை இரத்தக்குழாய் வழியாக நேரே இதயத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் கருவியும் வந்துவிட்டது. அமெரிக்கா 2016ல் அதை அனுமதித்தது. எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வேகமான இதயத்துக்கு அப்லேஷன்

குறுக்குப் பாதையில் மின்சாரம் சுற்றுவதால் வரும் படபடப்புக்கு, அந்தப் பாதையையே மூடிவிடுவது அப்லேஷன். தொடை இரத்தக்குழாய் வழியாக நுண்குழாய்களை இதயத்துக்குள் அனுப்பி, மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் வரைபடம் எடுப்பார்கள். பழுதான இடம் தெரிந்ததும் நுண்குழாயின் நுனியைச் சூடாக்கி அந்த இடத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்குத் தழும்பு உண்டாக்குவார்கள். தழும்பில் மின்சாரம் பாயாது. சிலருக்குச் சூட்டுக்குப் பதிலாகக் கடுங்குளிரைப் பயன்படுத்துவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

பிறவியிலேயே குறுக்குப் பாதை உள்ள இளைஞர்களுக்கும், திடீரெனப் படபடப்பு வந்து திடீரென நிற்கும் பெண்களுக்கும் இது பெரிய வரம். இத்தகையோரில் பெரும்பாலோருக்கு ஒரே முறையில் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அதன் மூலம் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் வாயிலில் இருக்கிறது என்பதை, பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷெல் ஐசகேர் குழுவினர் 1998ல் காட்டினர். அந்த வாயில்களைச் சுற்றித் தழும்பு வேலி போடுவதே இன்றைய முறை. அண்மை ஆண்டுகளில், சூடும் குளிரும் இல்லாமல் நொடிக்கும் குறைவான மின்துடிப்புகளால் இதைச் செய்யும் முறையும் வந்துள்ளது. அமெரிக்கா 2023 டிசம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. பக்கத்தில் உள்ள உணவுக்குழாய், நரம்புகளுக்கு ஆபத்து குறைவு என்பது அதன் சிறப்பு.

இருந்தும் சிலருக்குக் கோளாறு திரும்ப வருகிறது. இரண்டாம் முறை செய்ய நேர்கிறது. தொடையில் இரத்தக்கசிவு, அரிதாக இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்தல், பக்கவாதம் போன்ற சிக்கல்களும் உண்டு. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும். இன்னொன்று: அப்லேஷன் முடிந்தது, படபடப்பும் இல்லை என்பதற்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. அது பக்கவாத அபாயத்தை வைத்து மருத்துவர் எடுக்கும் முடிவு.

இதயத்துக்குள் ஒரு காவலர்

கீழறைகள் திடீரெனத் தாளம் இழக்கும் அபாயம் உள்ளவர்களுக்கு பேஸ்மேக்கரோ அப்லேஷனோ மட்டும் போதாது. அவர்களுக்கு 'ஐசிடி'. பேஸ்மேக்கர் போலவே தோலுக்கடியில் இருக்கும். உயிரைப் பறிக்கும் தாளக்குலைவைக் கண்டதும் தானே மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும். தம் ஆசான் இத்தகைய கோளாறால் 1966ல் மாண்டதைக் கண்ட மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் இதை உருவாக்கினார். 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

தாய்லாந்து ஊழியர்களின் மர்மத்துக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. 1992ல் பெட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா என்னும் சகோதரர்கள், இதயம் பார்வைக்கு நலமாக இருந்தும் திடீர் இதயநிறுத்தத்துக்கு ஆளான 8 பேரின் இசிஜியில் ஒரே மாதிரியான மாற்றத்தைக் கண்டு எழுதினர். 1997ல் மருத்துவர் குன்லவீ நடேமனி குழுவினர், உறக்கத்தில் இறக்கும் நிலைக்குப் போய் மீண்ட தாய்லாந்து ஆண்கள் பலரிடம் அதே மாற்றத்தைக் கண்டனர். பேயும் இல்லை, சாபமும் இல்லை. இதயத் திசுவில் உப்புத்துகள்கள் புகுந்து வெளியேறும் வாயில்களின் பழுது அது. சில குடும்பங்களில் வழிவழியாக வருவது. தென்கிழக்காசிய ஆண்களிடம் அதிகம் என்றாலும் எந்த இனத்தவருக்கும் வரலாம்.

2003ல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில், மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களில் சிலர் இறந்தனர். ஐசிடி பொருத்திக்கொண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. 2011ல் நடேமனி குழுவினர், இதயத்தின் வெளிப்புறத்தில் பழுதான பகுதியை அப்லேஷன் செய்து, அடிக்கடி அதிர்ச்சிக்கு ஆளாகிக்கொண்டிருந்தவர்களுக்கு நிம்மதி தந்தனர். இந்நோய் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் ஆபத்தானது. உடனே தணிக்க வேண்டும். சில மருந்துகளையும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

கருவியோடு வாழ்வது

பேஸ்மேக்கர், ஐசிடி பொருத்தியவர்கள் முதல் சில வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது. அதன்பின் சமைக்கலாம், நடக்கலாம், பயணம் போகலாம். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில், கருவிக்கு மேலே வைக்கக்கூடாது. 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். காந்தமுறை மின் அடுப்புக்கு மிக அருகே குனியக்கூடாது. விமான நிலையத்தில் கருவி அட்டையைக் காட்ட வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். இன்றைய கருவிகள் பல அதற்கு ஏற்றவை.

வார்ஃபரின் உட்கொள்கிறவர்கள் முருங்கைக்கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றி உண்டால் மருந்தின் அளவு தடுமாறும். அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். நாட்டு மருந்து எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கக்கூடாது.

பேசத் தயங்கும் ஒரு விஷயமும் உண்டு. கருவி பொருத்தியவர் காலமானால், உடலை எரியூட்டுவதற்கு முன் கருவியை அகற்ற வேண்டும். அதன் பேட்டரி நெருப்பில் வெடிக்கக்கூடும். தகனம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

எங்கே போவது, யார் உதவுவார்?

பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்ல, ஊட்ரமில் தேசிய இருதய நிலையம், கெந்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக இருதய நிலையம், நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை எனச் சிறப்பு மருத்துவர்கள் இருக்கும் இடங்கள் உள்ளன. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்தலாம். கட்டணத்தைக் கண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் மருத்துவமனையின் சமூக சேவை ஊழியர்களிடம் கேட்க வேண்டும். வேலை அனுமதிச்சீட்டில் இருப்போருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுப்பது கட்டாயம். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவை சிகிச்சைக்கும் அது உதவும். மயக்கத்தை மறைக்கும் ஊழியர் இதை அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மீறி ஒருவர் கண்முன்னே விழுந்து, கூப்பிட்டும் பதிலில்லாமல், மூச்சும் இயல்பாக இல்லை என்றால், 995ஐ அழைத்து, நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும். வீவக புளோக்குகளின் மின்தூக்கித் தளங்களில் 'ஏஇடி' கருவிகள் 2015 முதல் வைக்கப்பட்டு வருகின்றன. பெட்டியைத் திறந்தால் அடுத்து என்ன செய்வது என்று கருவியே சொல்லும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து 30 வினாடி நாடியை எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனிப்பது முக்கியம். சீராக இல்லாமல் கண்டபடி அடித்தால் அன்றே தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டலாம். கைக்கடிகாரம் காட்டும் எச்சரிக்கையையும் அப்படியே சேமித்து எடுத்துச் செல்லலாம். அது எப்போதும் சரியாக இருக்காது, ஆனால் புறக்கணிக்கவும் கூடாது. மருத்துவர் தேடுவது அந்த ஒரு பதிவைத்தான்.